பேராசிரியர் கண்ட விரதம்

பேராசிரியர் என்றதும் தோலுறை போட்ட அவருடைய டேப் ரெக்கார்டர்தான் என் கண்முன் வருகிறது. தோட்டத்து லயவீட்டுத் தரையில் வைத்தால் ஈரம் பட்டுவிடும் என்று என் சித்தி வீட்டு ஒரே கட்டிலில் அதைப் படுக்கவைப்பார். சித்தி தரையில் உட்கார்ந்து பதில் சொல்லுவாள்.

எழுபதுகளின் பஞ்சகாலத்தில், தோட்டத்து மக்களின் பண்பாட்டை ஆராய்வதற்காகக் கொழும்பிலிருந்து மலையகத்து ரிவர்ஸ்டன் பக்கம் வந்திருந்தார். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர் என்பதால் என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். மக்களோடு மக்களாக வாழ்ந்துதான் ஆராய வேண்டும் என்பார். பொழுது சாய்ந்ததும் தோட்டத்துத் துரை பங்களாவுக்குப் போய்விடுவார்.

அவர் வரும் மத்தியானமெல்லாம் சித்தி இருக்கிற மாவில் ரொட்டி தட்டி அவருக்கு வைப்பாள். தான் சாப்பிடமாட்டாள். ஏன் என்று கேட்டார்.

"இன்னைக்கி வெரதங்க."

"யாருக்கு?"

"அம்மனுக்குங்க."

மனுஷன் முகம் மலர்ந்துபோயிற்று. ரொட்டியை மென்றுகொண்டே விரதத்தின் விதிமுறைகளை விசாரித்தார். சித்தியும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். திரும்பும் வழியில் நான் பொறுக்கமாட்டாமல், "வீட்டுல மாவு இல்லைங்க ஐயா, அதான் சாப்பிடல" என்றேன்.

"டீச்சர், நீங்கள் உள்ளுக்குள்ள இருக்கிற ஆள். விலகி நிண்டு பார்க்க உங்களால ஏலாது" என்றார். மலையகத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று இன்றைக்கும் இந்த மனுஷனை மேடையேற்றி மாலை போடுகிறார்கள்.

அடுத்த வாரம், தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த சித்தி மலையிலேயே சுருண்டு விழுந்தாள். டிஸ்பென்சரிக்குத் தூக்கிவந்தோம். கேள்விப்பட்டு ஓடிவந்தவர், பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு என்னிடம் ஆவலாகக் கேட்டார்:

"சாமி வந்ததா?"

"பசி வந்துச்சுங்க. வீட்டுல மாவு இல்ல. இருந்த ரொட்டிய நீங்க தின்னீங்க, அவங்க பட்டினி கெடந்தாங்க. இதையும் பதிஞ்சிக்கங்க. பதிஞ்சிட்டு வெளிய போங்க."

நாடாச் சுருள் அறுந்துவிடாதபடி பெட்டியைப் பக்குவமாக மூடினார். வெளியேறினார். சித்தியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்தி கண்ணைத் திறந்திருந்தாள். அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"ஊட்டுல மாவு இல்லேனு ஊருக்கே சொல்லிட்டியேடி. என் மானமே போச்சு" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சநேரம் கழித்து அந்தப் பக்கமிருந்தே கேட்டாள்:

"மத்தியானமாச்சே… ஐயா சாப்பிட்டாரா?"