புயலை வரவேற்கப் போன சனிக்கிழமை

காலை 6.40, செங்கல்பட்டு. பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே வேன் நின்றது. மாமல்லபுரம் போய்த் திரும்ப ஆளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய். என்னைத் தவிர ஐந்து பேர். எல்லார் கையிலும் மழைக்கோட்டு. ஒருவரிடம் கையடக்கக் காற்றுமானி. ஒருவர் வீட்டம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் அடுக்கில் இருந்தது. மகாபலிபுரம் பார்க்கப் போகும் குடும்பம் என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். நாங்கள் போனது புயல் பார்க்க.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். வயது எழுபத்து மூன்று. மொட்டை மாடியில் மழைமானி வைத்திருக்கிறேன். வானிலைப் பிரியர்களின் கைப்பேசிக் குழு ஒன்றில் ஐந்து வருடமாக இருக்கிறேன். கார்த்திகையில் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு தோன்றினால் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். கவலையால் அல்ல, ஆசையால். குளிர் நாடுகளில் பனிப்புயலுக்காக அளவுகோலோடு வாசலில் காத்திருக்கும் மனிதர்களின் படங்களைக் குழுவில் போடுவார்கள். "அவங்களுக்குப் பனி, நமக்குப் புயல்" என்று கீழே எழுதுவார்கள். நானும் அதற்கு இதயக் குறி போட்டிருக்கிறேன்.

இந்த முறை மற்ற ஐவரும் புயலை வரவேற்கப் போனார்கள். எனக்கு வேறு வேலை இருந்தது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் மீன் வறுவல் கடை வைத்திருக்கும் கஸ்தூரியிடம் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொன்னால்தான் அவள் கடையைக் கழற்றுவாள். கழற்றாவிட்டால் அந்தத் தகர ஷீட்டுகளின் கீழே அவள் கணவன் உட்கார்ந்திருப்பான். இந்த முறை கழற்றப் போவதில்லை, கணவன் உள்ளேயே இருப்பான் என்று முதல் நாள் போனில் அவளே சொல்லியிருந்தாள்.

ஓட்டுநர் பாபு செங்கல்பட்டைத் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டுவிட்டார்.

"இன்னா சார், புயல்னா எல்லாரும் வூட்டுக்குள்ள பூந்துப்பாங்க. நீங்க இன்னாடான்னா வண்டி புட்ச்சிகினு எதுர போறீங்க?"

"ரசிக்கத்தான்" என்றார் காற்றுமானிக்காரர்.

"ரசிங்க, ரசிங்க. எங்க வூட்டு கூரைய முன்ன ஒரு தபா யாரோ நல்லா ரசிச்சிகினு பூட்டாங்க. இன்னும் ஓட்ட அடைக்கல."

வேனில் எல்லாரும் சிரித்தார்கள். பாபு சிரிக்கவில்லை.

7.20, திருக்கழுக்குன்றம், பதினான்காவது கிலோமீட்டர். தேநீர் பன்னிரண்டு ரூபாய். மலை தலையில் மேகத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. கடையில் நின்றபடியே குழுவில் வாக்கெடுப்பு நடந்தது: எங்கே கரையைக் கடக்கும்? கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், மரக்காணம். மாமல்லபுரம் முந்தியது. ஏதோ உள்ளூர் அணி வென்றதுபோல வேனில் கைதட்டினார்கள். தத்தம் ஊர் சேதமாக வேண்டும் என்று ஓட்டுப் போடும் மனிதர்களை வேறெங்காவது பார்க்க முடியுமா என்று தெரியவில்லை. அவர்கள் ஊர்கூட இல்லை அது. அவர்களுடையவை செங்கல்பட்டிலும் படூரிலும் கான்கிரீட் போட்ட வீடுகள்.

குழுவில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. புயல் கரையைத் தொடும்வரை "வலு குறைகிறது" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னவனுக்குத் "திருஷ்டி" என்று பட்டம். அன்று முழுக்கக் கேலி. படித்தவர்கள், பொறியாளர்கள், ஒரு மருத்துவர்கூட இருக்கிறார். அத்தனை பேரும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். நானும் கட்டுப்பட்டேன். என் பாவம் அங்கேதான் இருக்கிறது.

8.10, மாமல்லபுரம். இன்னும் பதினைந்து கிலோமீட்டர் வந்திருந்தோம். கடல் சேறு கலந்த தேநீர் நிறத்தில் இருந்தது. படகுகள் எல்லாம் மேலே ஏற்றப்பட்டு, சாலையோரம் வரை வந்து நின்றன. ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு, கடலுக்குப் போகாதீர்கள், கரையில் நிற்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே போனது. எங்கள் ஆட்கள் அதையும் படம் பிடித்தார்கள்.

பிரவீன் அங்கே காத்திருந்தான். குழுவை நடத்துபவன் அவன், படூரில் ஆறாவது மாடியில் குடியிருக்கும் மென்பொருள்காரன், கெட்டிக்காரன். நண்பனின் வண்டியில் வந்திருந்தான். "தண்ணி ஏறும்னு என் கார சேஃபா மேம்பாலத்துல ஏத்தி விட்டுட்டேன் சார்" என்றான். பிறகு மணலில் முக்காலியை ஊன்றிக் கேமராவைப் பொருத்தினான். அது கடலைப் பார்க்கவில்லை. வரிசையாக இருந்த ஏழு கடைகளில் முதல் கடையைப் பார்த்தது. கஸ்தூரியின் கடை.

"அந்த ஷீட் லூஸா இருக்கு சார். அறுபது கிலோமீட்டர் காத்துக்கே எந்திரிச்சிடும். செம ஷாட்."

"உள்ளே ஆள் இருக்கான், பிரவீன்."

"கடைசி நேரத்துல போயிடுவார் சார்."

அந்த முக்காலியை எட்டி உதைக்கத் தோன்றியது. ஆனால் எந்த முகத்தோடு உதைப்பது? போன வருடம் என்னிடம் முக்காலி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

9.00. கடைக்குள் ஏழுமலை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். படகில் அடிபட்டு ஒரு கால் மடங்காது. கூரையிலிருந்து ஒரு கயிறு இறங்கி அவன் கட்டில் காலில் கட்டப்பட்டிருந்தது.

"என்ன ஏழுமலை இது?"

"நான்தான் சார் வெயிட்டு. மணல் மூட்ட பத்தல."

கஸ்தூரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வா சாரு. இந்த வருசம் இன்னா கத எடுத்துகினு வந்துகீற?"

"கடையைக் கழட்டிடும்மா."

அவள் வெளியே போய்க் கடைசிக் கடைப் பக்கம் கத்தினாள். "அந்தோணி அண்ணாத்த! கேட்டியா? கழட்டணுமாம்!"

அங்கிருந்து பதில் வந்தது. "ஏ புயலு! உன் வாத்தியாரு சொல்ட்டாரா? அப்ப நான் பொங்கல் வரிக்கும் லீவு வுட்டுறவா?"

மற்ற கடைகளிலும் சிரித்தார்கள். புயலு. போன வருடத்திலிருந்து அவளுக்கு அங்கே அதுதான் பெயர்.

நடந்தது இதுதான். புயல் பார்க்க வரும்போதெல்லாம் நான் அவள் கடையில்தான் சாப்பிடுவேன். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, "கடைய கழட்டணுமா சாரு?" என்று கேட்டாள். "கழட்டு, நிச்சயம் இங்கதான் கடக்கும்" என்று குரல் பதிவு அனுப்பினேன். அவள் அதை மற்ற ஆறு கடைக்கும் போட்டுக் காட்டி, வரிசை மொத்தத்தையும் கழற்ற வைத்தாள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தேன்: மேகக் கூட்டத்துக்குள் வறண்ட காற்று புகுந்து புயல் பிய்ந்துகொண்டிருந்தது. நான் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு மணிக்கு அவள் போன் செய்தாள்.

இதை அவளிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் போன் பண்ணப்பவே உனுக்குத் தெரியும்?"

"தெரியும்."

"வருதான்னு கேட்டேன். வந்துகிட்டே இருக்குன்ன."

"ஆமா."

"எதுக்கு சாரு?"

"வரணும்னு ஆசைப்பட்டேன்" என்றேன்.

ஏழுமலை கட்டிலிலிருந்து மெதுவாகக் கேட்டான். "எங்க வூட்டு மேலயா?"

போன வருடம் அந்தச் சனிக்கிழமை மாலையே மாட்டியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கிடைத்திருக்கும். வராத புயலுக்காக ஏழு கடையும் ஞாயிறு முழுக்கக் கழன்று கிடந்தன. ஆறு கடைக்காரர்களும் ஒரு வருடமாகக் கேலி பேசியே அவளைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். எனக்காக அவள் அதைத் தாங்கினாள். போனில் அவள் இதைக் குறையாகச் சொன்னதே இல்லை. "நீ இன்னா சாரு பண்ணுவ, ஆகாசம் ஏமாத்திச்சு" என்றுதான் சொல்லிவந்தாள்.

இப்போது அப்படிச் சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்தாள். "இத எங்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? நட. ஒவ்வொரு கடையா வந்து சொல்லு."

முந்நூறு அடி நீளம்கூட இராத வரிசை அது. செங்கல்பட்டிலிருந்து வந்த தூரத்தைவிட அது எனக்கு நீளமாக இருந்தது. ஆறு கடையிலும் ஆறு முறை சொன்னேன். மூன்றாவது கடையில் ஓர் அம்மாள், "வாத்தியார் வேல பாத்த ஆளு பேசற பேச்சா இது?" என்றாள். ஐந்தாவது கடையில் எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு மீனை அலசினார்கள். அது இன்னும் மோசம். அந்தோணி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "வயசாளின்னு பாக்கறேன். இல்லன்னா நடக்கறதே வேற. சரி, இந்தத் தபா வருமா வராதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"வரலாம். மத்தியானத்துக்கு மேல உடைஞ்சும் போகலாம். கழட்டினா ஒரு நாள் பொழப்பு போகும். கழட்டலன்னா ஷீட்டு யார் கழுத்துல போய் விழும்னு சொல்ல முடியாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அந்தோணி என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "இன்னா செய்யலான்ற, கஸ்தூரி?"

ஒரு வருடம் கழித்து அவளுக்கு அவள் பெயர் திரும்ப வந்தது. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பி நடந்தபடியே, "யோவ், எந்திரி! கயித்த அவுரு!" என்று புருஷனுக்குக் குரல் கொடுத்தாள். ஸ்பேனர் எங்கே என்று தேடினாள்.

10.15 முதல் 2.00 வரை கடைகள் கழன்றன. துருப்பிடித்த போல்ட்டுகள், கீழேயிருந்து ஒருவர் பிடிக்க, மேலே ஒருவர் திருக வேண்டும். நான் போல்ட்டுகளைப் பழைய எண்ணெய் டப்பாவில் பொறுக்கிப் போட்டேன். ஷீட்டுகளை மணலில் அடுக்கி மேலே சவுக்குக் கம்பும் மூட்டையும் ஏற்றினார்கள். பாபு கேட்காமலே வந்து தோள் கொடுத்தார். என்னோடு வந்த ஐவரில் காற்றுமானிக்காரர் மட்டும் வந்தார். பிரவீன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஃப்ரேமே போச்சு சார்" என்றான். அந்தோணி அதைக் கேட்டுவிட்டார். "இன்னாது? இன்னா போச்சு?" என்று ஷீட்டோடு அவனை நோக்கி வந்தார். பிரவீன் முக்காலியை மடக்கிக்கொண்டு ஐம்பது அடி தள்ளிப் போனான்.

1.50. கைப்பேசியில் புதிய படம் வந்தது. புயலின் தெற்குப் பக்கம் பிளந்திருந்தது. போன வருடத்தைப் போலவே வறண்ட காற்று. அதே பழைய ஏமாற்றம் எழுந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பிரவீனும் அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் நாலு மணி நேரம் இருக்கு சார். திரும்பப் பிடிக்கும். இப்ப எதுவும் போடாதீங்க."

நான் குரல் பதிவை அழுத்தினேன். "வலு குறைகிறது. நான் பார்த்த மணி ஒன்று ஐம்பது. மழை வரும், காற்றும் கொஞ்சம் வரும். நாம் ஆசைப்பட்டது வராது. எச்சரிக்கையை எடுக்கும்வரை கரைக்கு வராதீர்கள்." குழுவுக்கும் கஸ்தூரிக்கும் அனுப்பினேன். பிறகு நேராக அவளிடமே போய்ச் சொன்னேன்.

அவள் கையில் கடைசி போல்ட் இருந்தது. என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் திட்டியதை இங்கே எழுத முடியாது. ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் திட்டினாள். நியாயமான திட்டு. பிறகு போல்ட்டை டப்பாவில் போட்டாள்.

"எப்ப மாட்டலாம்?"

"காலையில. ராத்திரி காத்து இருக்கும்."

"ஞாயித்துக்கெழம யாவாரம் கெடைக்கும்ல?"

"கிடைக்கும்னுதான் நினைக்கிறேன்."

"வர்றத சொல்ல ஆயிரம் பேரு கீறான் சாரு. ஆட்டோல மைக்கு கட்டிகினு சொல்றான். அது போவுதுன்னு சொல்ல எவன் கீறான்? போன வருசம் இந்த ஒரு வார்த்தயத்தான் கேட்டேன்."

4.00. மழை வந்தது. காற்றுமானி மணிக்கு நாற்பத்தொரு கிலோமீட்டரைக் காட்டியது. மீன் ஏலக் கொட்டகைக்குள் ஏழு கடைக்காரர்களும் ஒதுங்கி, விற்காத நெத்திலியை வறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். யாரோ சிரிப்பது கேட்டது. எதிரே வேனுக்குள் எங்கள் ஆட்கள் சாவு வீட்டிலிருந்து வந்தவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள். "டம்மி பீசு" என்றார் ஒருவர். ஒரு கடற்கரை தப்பித்ததற்கு இத்தனை துக்கமா? படித்த படிப்பெல்லாம், வரைபடத்தில் நிறம் சிவப்பாக மாறினால் மகிழ்வதற்குத்தானா? அவர்களைக் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டுக்கொண்டேன். அந்த வேனில் நான் திரும்ப ஏறவில்லை.

5.20. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. கட்டணம் இருபத்தைந்து ரூபாய். நடத்துநர் ஈரச் சட்டையோடு, "இன்னா பெரீவரே, புயல் பாக்க வந்தியா?" என்றார். "இல்லப்பா, ஒருத்தரைப் பார்க்க வந்தேன்" என்றேன். பேருந்தில் பாதி இருக்கைகள் காலி. வயல்களில் தண்ணீர் நின்றது, பயிர் சாய்ந்திருக்கவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கைப்பேசி ஒலித்தது. குழுவில் பிரவீன். என் பதிவுக்குக் கீழே நாற்பது பேர் "திருஷ்டி" என்று எழுதியிருந்தார்கள். அதன் கீழே அவன் புதிய வரைபடம் ஒன்றைப் போட்டிருந்தான்: "கவலப்படாதீங்க மக்களே. அந்தமான் பக்கம் அடுத்தது வருது. இது சும்மா போகாது." இதயக் குறிகள் மழையைப்போலக் கொட்டிக்கொண்டிருந்தன.

படித்ததும் என் நெஞ்சு துள்ளியது. ஒரு நொடிதான். விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கி, அது எந்தக் கரையைப் பார்த்து வருகிறது என்று தேடினேன். மாமல்லபுரத்தைத்தான் முதலில் தேடினேன்.

காலையில் ஏழு கடையிலும் என் தப்பைச் சொன்னவன், அன்று மாலையே இதைச் செய்தேன். கஸ்தூரியிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த முறை போகும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.