சோணையம்மாள் பார்த்துக்கொண்ட பாட்டுப் பெட்டி

உடையப்பனுக்குச் சோணையம்மாள் மேல் ஆறு வருஷக் கோபம். செக்காலை ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனை ஊரே ‘அவசரம்’ என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அந்தப் பேரை வைத்தவள் அவள்தான்.

வீட்டுக்கார மெய்யம்மை ஆச்சி மெட்ராஸுக்கே குடிபோய்விட்டார். காரைக்குடி வீட்டின் முன்கட்டை, லீவுக்கு வருகிற தெரிந்த குடும்பங்களுக்கு வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவார். வீட்டைப் பார்த்துக்கொள்வது சோணையம்மாள். புருஷன் போன பிறகு பின்கட்டில் ஒரு அறைதான் அவளுக்கு வீடு, வாசல் எல்லாம். முன்கட்டுக் கூடத்தில் பினாங்கிலிருந்து கப்பலில் வந்த ரேடியோகிராம் இருந்தது. மேலே ரேடியோ, மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு போடுகிற இடம். ஆள் நீளத்துக்குத் தேக்குப் பெட்டி.

வந்த விருந்தாளிக்குக் கிணறு எங்கே, அடுப்பு எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் சோணையம்மாள் பெட்டியைத்தான் காட்டுவாள்.

“இங்குட்டு வந்து நில்லுங்க. கைய வச்சிராதீக. பச்சைக் கண்ணு முழிக்கட்டும்.”

ரேடியோவின் நெற்றியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. உள்ளே வால்வு சூடாகிற வரை இருட்டாகக் கிடந்து, பிறகு மெல்லப் பச்சையாகும். அதற்குள் குமிழைத் திருகினால் சத்தம் வராது. சத்தம் வரவில்லையே என்று முழுக்கத் திருகிவைப்பார்கள். பிறகு வரும் பாருங்கள், கூடமே அதிரும். அதனால் சுவிட்சைப் போட்டுவிட்டு எல்லோர் கையிலும் நீர்மோர் டம்ளரைக் கொடுத்துவிடுவாள். கையில் டம்ளர் இருந்தால் குமிழுக்குப் போகாதல்லவா?

எழுத்துத் தெரியாதவள். ரேடியோவின் முள் ஓடுகிற கண்ணாடியில் திருச்சி ஸ்டேஷனுக்குக் குங்குமப் பொட்டு, சிலோனுக்குச் சாந்துப் பொட்டு வைத்திருந்தாள். இசைத்தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தின் நிறத்தையும் ஓரத்துக் கீறலையும் வைத்தே இன்ன பாட்டு என்று சொல்லிவிடுவாள்.

அறுபத்தேழில் ஒரு நாள் ஒயர் மாற்றப் போன உடையப்பன், கண் முழிக்குமுன் குமிழைத் திருகினான். விருந்தாளிகள் எதிரிலேயே அவன் கையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“ரேடியோக்காரருக்கே அவசரம்னா, பெட்டி என்னப்பா செய்யும்?”

அத்தனை பேரும் சிரித்தார்கள். பேர் கடைத்தெரு வரைக்கும் வந்துவிட்டது. அன்றோடு அந்த வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை.

எழுபத்துமூன்று மே மாதம் அவளே கடைக்கு வந்து நின்றாள். முகம் செத்திருந்தது.

“தட்டு சுத்த மாட்டேங்குது தம்பி. பாட்டு இழுக்குது. நாளைக்கு ஆச்சி வாராக.”

போன விருந்தாளி மூடியை உடைத்தபோதே ஆச்சி சொல்லியிருந்தார், இன்னொரு தரம் பெட்டிக்கு ஏதாவது ஆனால் சாவியை வைத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான் என்று. இது உடையப்பனுக்கும் தெரியும். ‘கெடக்கட்டும்’ என்று இருந்துவிடலாமா என்று நினைத்தான். கால் கேட்கவில்லை, பையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

நாகப்பட்டினத்துக் குடும்பம் ஒன்று தங்கியிருந்தது. மாமியார் நீலாயதாட்சி அம்மாள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“பாடுறவளுக்கு உசிரு போற மாதிரி இருக்குப்பா. பொம்பளைக் குரல்ல ஆரம்பிச்சு ஆம்பளைக் குரல்ல முடியுது!”

உடையப்பன் சுழலும் தட்டைக் கழற்றினான். அதைச் சுற்றிவிடுகிற ரப்பர் சக்கரம் எண்ணெயில் குளித்திருந்தது. பிடிப்பு இல்லையென்றால் வழுக்கத்தானே செய்யும்? விரலில் தொட்டு முகர்ந்தான். அந்த வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரைக்குத் தேங்காயெண்ணெய்த் துணி போட்டுத் துடைப்பார்கள், கண்ணாடி மாதிரி மின்னும். அது வெறும் செக்கு எண்ணெய். இதிலோ மல்லிகை வாசம் வந்தது. தலைக்குத் தடவுகிற எண்ணெய்.

நிமிர்ந்து பார்த்தான். புது மருமகள் வள்ளிக்கண்ணு முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். தரை மின்னுவதைப் பார்த்துவிட்டு, இதுவும் மின்னட்டும் என்று தலை எண்ணெயைத் தொட்டுத் துடைத்திருக்கிறது பெண்; எண்ணெய் தட்டுக்கு அடியில் இறங்கிவிட்டது.

“யாரு கை வச்சது?” என்றார் நீலாயதாட்சி, மருமகளைப் பார்த்தபடியே. “இவளுக்குத் தொட்டதெல்லாம் நாசம்.”

“நாந்தாம்மா,” என்றாள் சோணையம்மாள். “தரைக்குப் போட்ட துணிய அப்படியே இதுலயும் இழுத்துப்புட்டேன். புத்தி எங்கயோ போச்சு.”

உடையப்பன் வாயைத் திறந்தான்.

“நீ வேலையப் பாரு தம்பி.”

ஸ்பிரிட் நனைத்த துணியால் சக்கரத்தை நாலு தரம் துடைத்து மாட்டினான். பாட்டு சரியாகிவிட்டது. ஆனால் மறுநாள் வந்த ஆச்சியிடம் நீலாயதாட்சி அம்மாள் ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டார்.

ஆச்சி அவளைக் கூப்பிட்டார். “நீயாடி சோணை?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். “ஒண்டிக்கெடக்கிறவ, போன்னு சொல்ல மனசு வரல. பின்கட்டுல இருந்துக்க. பெட்டிப் பக்கம் போகாதே.” அவள் இடுப்பில் செருகியிருந்த பெட்டிச் சாவியை வாங்கி உடையப்பன் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உள்ளதச் சொன்னா என்னக்கா? அந்தப் புள்ள தலையவா சீவிருவாக?”

“அது மாமியா வீட்டுல காலம் பூரா இருக்கணும்ல. இன்னிக்கு ஒண்ணச் சொன்னா, சாகுற வரைக்கும் சொல்லிக்காட்டுவாக. எனக்கென்ன, வெளக்குமாத்த யாரும் புடுங்கலையே.”

சிரித்துத்தான் சொன்னாள். கை மட்டும் இடுப்பில் சாவி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு மனுஷி மேலா ஆறு வருஷம் கோபத்தைச் சுமந்தோம் என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

அதன்பிறகு விருந்தாளி வந்தால் உடையப்பன்தான் போய்ப் பெட்டியைத் திறப்பான். ஐந்து வருஷம் சோணையம்மாள் அதே கூடத்தைப் பெருக்கினாள். பெட்டியைத் தொடவேயில்லை. தூசி படிந்திருந்தால் அவனைக் கூப்பிட்டுத்தான் துடைக்கச் சொல்வாள்.

நாகப்பட்டினத்தார் வருஷா வருஷம் வந்தார்கள். வள்ளிக்கண்ணு பெட்டிக்கு நாலு முழம் தள்ளித்தான் நிற்பாள். கைக்குழந்தை பாட்டுக்கு அழுதால்கூட ஆள் விட்டு உடையப்பனைக் கூப்பிடுவாள், குமிழில் விரல் வைக்க மாட்டாள். சோணையம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே கூடத்தைப் பெருக்குவாள்.

எழுபத்தெட்டில் சோணையம்மாளுக்கு மூட்டு வலி வந்து வேலை செய்ய முடியாமல் போய்விட்டது. புதுவயல் ரைஸ்மில்லில் வேலை பார்க்கிற மகள், வந்து இரு என்று சொல்லிவிட்டாள். துணிமூட்டையைத் தூக்கிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டவன் உடையப்பன்தான். அடுத்த தை மாதம் சோணையம்மாள் காலமாகிவிட்டாள். பஸ் ஏற்றிவிட்ட அன்றைக்குப் பார்த்ததுதான் கடைசி.

பஸ் உறுமியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனைக் கிட்டே கூப்பிட்டாள்.

“வெள்ளிக்கெழம நாகப்பட்டினத்தாக வாராக. நீயே தட்டப் போட்டுக் குடுத்துட்டுப் போயிராதே. சாவிய அந்தப் புள்ள கையில குடு. அது பயப்படும். பயந்தாலும் அதுவே போடட்டும், நீ பக்கத்துல சும்மா நில்லு.”