ஓட்மாரின் பிரேக் பல்புகள்

ஓட்மார் கீன்ஸ்லே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். சலவை மெஷின் பழுது பார்த்தே இரண்டு மாடி வீடு கட்டினார். "என் கை பட்ட மெஷின் ரெண்டாந்தடவை படுத்ததில்ல" என்பார், வணக்கம் சொல்வதற்கும் முன்னால். கையால் பிழைத்தவர் அப்படித்தான் பேசுவார், பேசலாம்.

எழுபது வயதில் அவர் கட்டி ஆண்டது, ஊர்ச் சரக்குக் கொட்டகையில் குட்டி மாதிரி ரயில்கள் ஓட்டும் சங்கத்தின் மின்சாரத்தை. மேசை மேல் ஓடும் தண்டவாளத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் மேசையடியில் ஒரு கார் பிரேக் பல்பைக் கம்பியில் கோத்திருந்தார். எங்காவது ஷார்ட் ஆனால், பாயும் மின்சாரத்தைப் பல்பு தன் மேல் வாங்கிக்கொண்டு எரியும். என்ஜினுக்குள் இருக்கும் சிப் தப்பிக்கும். சோதனைக்கு, முதல் சம்பளத்தில் எடுத்து வைத்திருந்த பழைய ஜெர்மன் காசை, ஒரு மார்க்கை, தண்டவாளத்தின் குறுக்கே வைப்பார். பல்பு எரிந்தால் சரி.

புதிதாகச் சேர்ந்த ஃபோகெலே முனைவர் பட்டம் பெற்ற பொறியாளர். எல்லோருக்கும் அவர் டாக்டர். அவருக்குப் பல்பைக் கண்டாலே ஆகாது.

"ஓட்மார், இது மெக்கானிக் கடை சாமான். இதுக்குன்னு நல்ல கருவி விக்குது."

"விக்கும் டாக்டர். எங்க ஷார்ட்டுன்னு அது சொல்லாது. என் பல்பு சொல்லும்."

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, ஊரே பார்க்க வரும் நாள். இரண்டு வருடம் உட்கார்ந்து செய்த நீராவி என்ஜினை டாக்டர் கொண்டு வந்தார்.

"இது புகைஞ்சா, சாயந்தரம் சங்கத்துல ஓட்டுப் போட்டு உங்க பல்பெல்லாம் குப்பைக்கு."

"புகையலன்னா?"

"அப்புறம் நான் வாய் திறக்கல."

ஓட்மார் காலையிலேயே காசும் கையுமாகப் பகுதி பகுதியாகச் சோதித்தார். கடைசியாகச் சுரங்கப் பாதை. அந்த நேரம் பார்த்து கேக் மேசையிலிருந்து அவர் மனைவி ஹில்டகார்ட் கூப்பிட்டார், காப்பி ஆறுகிறதென்று. போய்விட்டார்.

பதினொரு மணிக்கு டாக்டரின் என்ஜின் கூவிக்கொண்டு சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளியே வரவில்லை. கூவலும் நின்றது.

டாக்டர் முகம் சுண்ணாம்பானது. ஓட்மார் மேசைத் துணியைத் தூக்கினார். சுரங்கத்துப் பல்பு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"ஷார்ட். பயப்படாதீங்க." சுரங்கத்தின் பின்பக்கக் கதவு வழியே கையை விட்டுத் துழாவினார். விரலில் வழவழவென்று தட்டுப்பட்டது அவருடைய மார்க்.

உள்ளங்கைக்குள் மறைத்திருக்கலாம். ஹில்டகார்ட் தட்டோடு பக்கத்தில் நின்றார். "என்னங்க, உங்க காசா?"

"என் காசேதான்," என்று எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார். "நானே தப்புப் பண்ணாலும் என் பல்பு விடல பாருங்க."

காசை எடுத்ததுமே பல்பு அணைந்திருந்தது. என்ஜின் கூவிக்கொண்டு வெளியே வந்தது, ஒரு சிராய்ப்பு இல்லாமல். டாக்டர் அதைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். புகை வாசனை இல்லை.

"பல்பு இருக்கட்டும்," என்றார். "அந்தக் காசுக்கு மட்டும் ஒரு கயிறு கட்டுங்க."

மறுநாளே ஓட்மார் அதில் துளை போட்டு, சிவப்பு நாடா கோத்து, சுவிட்ச் பலகையில் தொங்கவிட்டார். நாடா யாருடைய யோசனை என்று புதிதாக வருபவர்கள் கேட்டால், தன்னுடையது என்கிறார். டாக்டர் வாய் திறப்பதில்லை.