தோல் மாத்திரை

வேலைத்தளத்தில் எல்லோரும் அவரை மேல்வீட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக அவருக்கு மேல்வீடும் கிடையாது, கீழ்வீடும் கிடையாது. கிரேன் ஓட்டுபவர். பதினெட்டு மாடி உயரத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் நிறைந்துபோகும் கண்ணாடிக் கேபினில் பகல் முழுக்க இருப்பார். ஏணியில் ஏறி, கேபினின் தரையில் உள்ள சதுர ஓட்டை வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஐம்பத்தோராவது வயதில் ஒரு நாள் காலை, அந்த ஓட்டையில் அவர் தொப்பை மாட்டிக்கொண்டது. தலையும் தோளும் வேலைக்கு வந்துவிட்டன. மீதி வரவில்லை.

"பாதி ஆள் ஆஜர், பாதி ஆள் லீவுன்னு போட்டுக்கப்பா" என்று வாக்கி டாக்கியில் அவரே அறிவித்தார். கீழே நின்ற சிக்னல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன்னைத்தானே கிண்டலடித்துக்கொள்வதில் மேல்வீட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடுத்தவன் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்வார். சிரித்துவிட்டால் அப்புறம் யாரும் எதையும் துருவிக் கேட்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பலே கள்ளன்!

அந்தச் சிக்னல்காரரும் அவரும் பதினோரு வருட ஜோடி. மேலே இருந்து பார்த்தால் கொக்கி எங்கே இறங்குகிறது என்று பாதி நேரம் தெரியாது. கீழே நிற்பவர் சொல்வதை நம்பித்தான் இவர் சுமையை இறக்குவார். இவரை நம்பித்தான் அவர் சுமைக்குப் பக்கத்தில் நிற்பார்.

ஆறு வாரத்தில் வருடாந்தர மருத்துவப் பரிசோதனை. தேறினால் மேலே, தேறாவிட்டால் தரைதான். இருபத்தாறு வருடம் மேலேயே இருந்துவிட்ட மனிதருக்குத் தரையில் என்ன வேலை தெரியும்? 

அவர் மனைவி தையல்காரி. அவருடைய கால்சட்டையை மூன்று தடவை பிரித்துப் பெரிதாக்கித் தந்தவள். "இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லீங்க. சாயங்காலம் கொஞ்சம் நடங்க, வாயைக் கொஞ்சம் கட்டுங்க" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் நடந்தால் கால் வலிக்கும், வாயைக் கட்டினால் மனசு வலிக்கும்.

அப்போதுதான் மச்சினன் ஒரு பாட்டிலோடு வந்தான். "கசப்பு ஆரஞ்சுத் தோல், மாமா. அரைச்சு மாத்திரையில அடைச்சிருக்கான். பசி அடங்கும், கொழுப்பு கரையும்."

"கெடுதல் ஒண்ணும் இல்லையே?"

"பழத்தோல்ல என்ன மாமா கெடுதல்? நாம குப்பையில போடறதுதானே?"

"அதைத்தான் என் வயித்துல போடச் சொல்றியா? சரியான இடம்தான், போ."

காலையில் ஒன்று, மதியம் ஒன்று. காபியோடு சாப்பிட்டால் சீக்கிரம் இளைக்கும் என்று யாரோ பேசிய வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, பால் இல்லாத காபியாக நாலு கப் சேர்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நம்மவரோ, கொழுப்பு கரைகிற சத்தம் என்று மகிழ்ந்துபோனார். இரண்டு வாரத்தில் ஒன்றரைக் கிலோ குறைந்தது. அதில் ஒரு கிலோ, எடை பார்க்கும்போது கழற்றி வைத்த பூட்ஸ்.

நாலாவது வாரம் ஒரு மதியம், கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கண்ணெதிரே எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றியது. கை தானாக நெம்புகோலை இழுத்துவிட்டது. கட்டு அந்தரத்தில் ஊஞ்சலாடியது.

"என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டது வாக்கி டாக்கி.

"காத்துப்பா, காத்து!" என்றார். இரண்டு நிமிடத்தில் தலை தெளிந்துவிட்டது. அவரும் அதை மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. நர்ஸம்மா படிவத்தைப் பார்த்துக்கொண்டே, "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

இளைப்பதற்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்ல வெட்கம். குரலை இறக்கி, "ஒரு தோல் மாத்திரைம்மா" என்றார்.

"தோலுக்கா? அரிப்பா?"

நம் தமிழ் இருக்கிறதே, பழத்துக்கும் தோல், மனிதனுக்கும் தோல்! இந்த ஒரு சொல்லுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள இவ்வளவு இடம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவேயில்லை. "ஆமாம்மா, அரிப்புதான்" என்று சொன்னதோடு நிற்காமல், முழங்கையைச் சொறிந்தும் காட்டினார்.

பிரஷர் நூற்று எழுபது. நாடி நூற்றுப் பதினெட்டு. டாக்டர் முகம் மாறியது. "பத்து நாள் மேல ஏறாதீங்க. எடையைக் குறைங்க. மறுபடியும் இப்படியே இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். கூடவே அரிப்புக்கு ஒரு களிம்பும் எழுதிக்கொடுத்தார்.

எடையைக் குறைக்கச் சொன்னாரா? மேல்வீட்டுக்காரர் அன்றிலிருந்து மூன்று மாத்திரை. என்ன மூளை பாருங்கள்!

மூன்றாம் நாள் களிம்பு மனைவி கையில் சிக்கியது. "உங்களுக்கு எங்க அரிப்பு?" என்றாள். அவர் கண் தானாக அலமாரிப் பக்கம் போனது. அவள் பாட்டிலைத் தேடி எடுத்து, ஊசி கோக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓரத்தில் எறும்பு போல ஊர்ந்த எழுத்துகளை உரக்கப் படித்தாள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. காபியுடன் சேர்க்கக் கூடாது. படபடப்பு, தலைசுற்றல் வந்தால் நிறுத்தவும்.

"படிக்கத் தெரியாதா உங்களுக்கு? உங்களுக்கு ஏதாவது ஆனா நான் என்ன பண்ணுவேன்?" என்று கத்திவிட்டு அழுதாள். அவருக்கு ஒரு ஜோக் நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். மாத்திரைகள் குப்பைக்குப் போயின, காபி ஒரு கப்பாகக் குறைந்தது.

அந்தப் பத்து நாளும் வேலைத்தளத்தில் அவருக்குத் தரையில் வேலை. சிக்னல்காரருக்குப் பக்கத்தில் நின்று, சுமைக்குக் கயிறு மாட்டிக்கொடுத்தார். மேலே வேறொருவர். கம்பிக் கட்டு ஒன்று தலைக்கு மேலே போனபோது, முதல் தடவையாக அவருக்குப் பிடரி சிலிர்த்தது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாக, பொம்மை மாதிரி இருக்கும். கீழே நின்றால்தான் அதன் கனம் தெரிகிறது.

பத்தாம் நாள் பிரஷர் நூற்று முப்பத்திரண்டு. டாக்டர் சந்தோஷமாகப் பேனாவைத் திறந்தார். "பரவாயில்லையே! ஆமா, தோல் அரிப்பு எப்படி இருக்கு?"

சரியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் காலை கேபினில் இருக்கலாம். மேல்வீட்டுக்காரர் ஏணியை நினைத்தார். கீழே நின்றபோது சிலிர்த்த பிடரியையும் நினைத்தார்.

"என் தோல் இல்லீங்க டாக்டர். ஆரஞ்சுத் தோல்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் பேனாவை மூடினார். "அந்தத் தோல்ல இதயத்தை முடுக்கிவிடற சத்து ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல. காபியும் சேர்ந்தா சில பேருக்கு நாடியும் பிரஷரும் ஏறிடும். வேற மருந்து சாப்பிட்டா அதோட வேலையையும் இது குழப்பலாம். இளைக்க வைக்கும்ங்கறதுக்கு உருப்படியா ஆதாரமும் இல்ல." படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "மேல இருக்கும்போது தலை சுத்திச்சா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை. சுமை தொங்கிட்டிருந்தப்ப."

"அப்ப மூணு மாசம் மேல ஏற முடியாது. இதயத்தை முழுசா சோதிச்சுப் பார்க்கணும்."

மறுநாள் அவர் சிக்னல்காரரிடம் போய் நின்றார். இதை வாக்கி டாக்கியில் சொல்ல முடியாது. "அன்னிக்குக் கம்பிக் கட்டு ஆடிச்சே, அது காத்து இல்லப்பா. எனக்குத் தலை சுத்திடுச்சு."

"தெரியும்ணே. அன்னிக்குக் காத்தே இல்ல."

"தெரிஞ்சுமா யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்." சிக்னல்காரர் மேலே போகும் சுமையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அன்னியிலேர்ந்து நீங்க மேல இருக்கும்போது நான் சுமையை விட்டுப் பத்தடி தள்ளித்தான் நின்னேன். நீங்க கவனிக்கல."