கம்பெனி மாவில் சுட்ட தோசை

பூட்டே போடாத வீட்டுக்குள் நீங்கள் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? கதவு திறந்துதான் கிடக்கும். வெயில் உள்ளே வரும், தெருநாய் உள்ளே வரும். நீங்கள் மட்டும் வெளியே போக முடியாது. அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் ஜெபா. ஊர் கோவில்பட்டி. பி.காம்., முதல் வகுப்பு. இதை ஏன் எடுத்ததும் சொல்கிறேன் என்றால், அந்த முதல் வகுப்புத் திமிருக்கும் இந்தச் சாட்சியில் பெரிய பங்கு இருக்கிறது.

2003, மாசி மாசம். அப்பா பருத்தி குடோனில் லோடு ஏற்றுகிறவர். ஒரு பஞ்சுப் பேல் சரிந்து விழுந்து இடது தொடை எலும்பு உடைந்துவிட்டது. இடுப்பிலிருந்து கால் விரல் வரைக்கும் கட்டு. மல்லாந்து படுத்தபடியே மூன்று மாதம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போட்ட அப்ளிகேஷன் ஒன்றுக்கும் பதில் இல்லை. எங்களுக்கு இருந்தது ஒற்றை அறை. ஒரு ஓரம் அப்பாவின் கயிற்றுக் கட்டில், எதிர் ஓரம் அடுப்பு, நடுவில் தீப்பெட்டி ஒட்டுகிற அட்டைக்கட்டு. மிச்சமிருந்த இடத்தில் நான். கால் நீட்டினால் ஏதாவது ஒன்று சரியும்.

சபைக்குப் போவேன். கண்ணை மூடுவேன். உள்ளே ஒன்றும் ஓடாது. ஜெபம் பண்ணி மாதக்கணக்கு ஆகியிருந்தது. யாருக்கும் தெரியாது.

அந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அம்மாதான். குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம் ஊறும், பாத்திரம் ஊறிய தண்ணீர் முருங்கைக்குப் போகும். தீப்பெட்டிக் கம்பெனியில் கழித்துப்போட்ட தீக்குச்சிதான் அடுப்புக்கு. ஒரு குழம்பு இரண்டு நாள் ஓடும்.

"இது என்ன குழம்பும்மா?" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கேட்பேன்.

"நேத்து ஒருத்தி வந்தாள்லா, அவ தங்கச்சி. கொஞ்சம் ஒல்லியா இருப்பா."

அப்பா கட்டில் ஆட ஆடச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த நிலைமையில் எப்படி இந்தம்மாவுக்கு ஜோக் வருகிறது? நடிப்பு என்றே முடிவு கட்டியிருந்தேன்.

அந்த மாசம் அம்மா ஒரு வாரம் நாகலாபுரம் போக வேண்டியதாயிற்று. அங்கே மாமா காட்டில் மிளகாய்ப் பழம் பறிப்பு. போய்ப் பறித்துக் கொடுத்தால் வருஷத்துக்கு வேண்டிய வத்தல் கிடைக்கும். திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அடுக்கினாள்.

"ஏஜண்ட் அண்ணாச்சி சனிக்கிழமை வருவாவ. அதுக்குள்ள மிச்ச அட்டையையும் ஒட்டி, காயவச்சுக் கட்டி வையி. அப்பாவுக்கு முதுகு வேகும், அடிக்கடி துடைச்சு விடு. பொறவு, கம்பெனி மாவு கம்பெனிக்கு. அதுல கை வைக்காத. என்னட்டி, கேக்குதா?"

"கேக்குதும்மா. நான் என்ன சின்னப்புள்ளையா?"

"சின்னப்புள்ளைன்னா பயமில்லட்டி. நீ படிச்ச புள்ள."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் தீப்பெட்டிக் கூடுகளை வீட்டில் வைத்து ஒட்டிக் கொடுப்போம். அட்டையும் பசை காய்ச்ச மைதா மாவும் கம்பெனி தரும். கொடுத்துவிட்டுப் போவதும் ஒட்டியதை வாங்கிப் போவதும் ஏஜண்ட் அண்ணாச்சி. மூன்று சக்கர மிதிவண்டியில் வருவார். வாய் கொஞ்சம் நீளம். 'பி.காம் பாப்பா, கலெக்டர் ஆபீஸ்ல நாற்காலி போட்டாச்சா?' என்று கேட்பார். அவர் மணிச் சத்தம் கேட்டாலே நான் பின்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

அம்மா போன அன்றைக்குக் காலையிலிருந்தே அப்பா சாப்பிடவில்லை. கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய். கூழ் கொடுத்தால் ஒரு வாய். "நாக்குல ஒண்ணும் பிடிக்க மாட்டேங்குதுட்டி" என்பார். படுத்துக் கிடந்ததில் ஏற்கெனவே புறங்கை எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. என் சமையலும் அப்படித்தான் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அப்போதுதான் என் முதல் வகுப்பு மூளை வேலை செய்தது. பசைக்கு மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால்? தினமும் ஒரு கை மாவு மிஞ்சுமே! அம்மா இத்தனை வருஷம் சிக்கனம் பிடித்தாளே, இது தோன்றியதா அவளுக்கு? கம்பெனி மாவு கம்பெனிக்கு என்று அவள் சொன்னது திருட்டுப் பாவத்துக்குப் பயந்து என்றுதான் நினைத்தேன். ஒரு கை மாவில் என்ன பெரிய பாவம்? திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பசையை மோர் மாதிரிக் காய்ச்சினேன். முந்தின வாரத்துக் கட்டுகளை வாங்க வராமல் விட்டிருந்த அண்ணாச்சி, நடுவில் செவ்வாய் சாயங்காலம் ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆள் நான் புதிதாக ஒட்டியதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டான்.

வியாழக்கிழமை மத்தியானம் கிண்ணம் நிறைய மாவு. லேசாக ஒரு நீலச் சாயல், வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட மாதிரி. உயர்ந்த ரகம் போல என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, இருந்த ஒரே ஏலக்காயை நசுக்கி, இனிப்புத் தோசை மூன்று சுட்டேன். மூன்றும் அப்பாவுக்கு. எனக்குப் பழைய சோறு போதும் என்று பெருந்தன்மை வேறு.

அப்பா ஒரு வாய் வைத்தார். "என்னட்டி, செம்புக் காசை நக்குன மாதிரி இருக்கு?"

"அது ஏலக்காய்ப்பா."

"ஏலக்காயா? சரி, படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு தோசையைத் தின்றுவிட்டார். பிடித்துத் தின்னவில்லை. எனக்காகத் தின்றார். அது அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சந்தோஷப்பட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வயிற்றைப் பிடித்தார். குமட்டினார். மல்லாந்து கிடக்கிற மனுஷனுக்கு வாந்தி வந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். தொண்டைக்குள் அடைத்துக் கண் மேலே சொருகியது. ஓடிப்போய்த் தோளில் கை கொடுத்து ஒருச்சாய்த்தேன். வெளியே கொட்டியது. மூச்சு வந்தது. கையை எடுத்தேன். கட்டுப் போட்ட கால் இழுக்க, உடம்பு பழையபடி மல்லாந்தது. மறுபடி அடைத்தது.

அவ்வளவுதான். நான் அங்கே மாட்டிக்கொண்டேன்.

ஒரு கை அப்பா தோளுக்கடியில். ஒரு முழங்கால் அவர் முதுகுக்கு முட்டு. விட்டால் புரளுவார். புரண்டால் மூச்சு நிற்கும். தெருமுனையில் போன் பூத் இருந்தது. என் வாசலிலிருந்து நாற்பது தப்படி இருக்குமா? நாற்பது மைல் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கம்பெனி வேலை. விடிகாலை பஸ் வந்து அள்ளிப் போனால் சாயங்காலம்தான் கொண்டுவந்து கொட்டும். "யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். அடுத்த தெருவில் சடங்கு வீடு. மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மறுபடி வாந்தி. பச்சையும் நீலமுமாக. பித்தம் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுக்கலாம் என்றால் பானை எதிர் ஓரத்தில். எட்டாது. காலால் இழுக்கப் பார்த்தேன். அட்டைக்கட்டுதான் சரிந்தது. கை மரத்துப்போயிற்று. வியர்வையில் அப்பா தோள் வழுக்கியது. கதவு திறந்தே கிடந்தது. தெருவில் ஒரு ஆடு நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மைக்செட்டில் பாட்டு மட்டும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது.

நான்தான் இவரைக் கொல்லுதேன் என்று தோன்றியது. என்ன செய்தேன் என்று தெரியவில்லை, ஆனால் என் தோசைதான் என்று மட்டும் தெரிந்தது.

அப்போது ஜெபம் பண்ணினேன். அழகான ஜெபம் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, நான் பேசி நாளாச்சு. கோவிச்சுக்கிடாதிரும். யாரையாவது அனுப்பும். எவனா இருந்தாலும் சரி. இந்தக் கை வழுக்குறதுக்குள்ள அனுப்பும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை.

அப்பா கண் திறந்தார். உதடெல்லாம் வெளிறியிருந்தது. "சத்தமாக் கூப்பிடுட்டி. இந்த ரேடியோச் சத்தத்துல அவருக்கும் கேக்காது."

அந்த நிலைமையிலும்! அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கைக்குக் கொஞ்சம் தெம்பும் வந்தது. பொய் சொல்லவில்லை. அம்மா ஏன் அந்த வீட்டில் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தாள் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. சத்தமாகக் கூப்பிட்டேன். "ஆண்டவரே! எவனையாவது அனுப்பும்!"

வாசலில் மணி அடித்தது. மூன்று சக்கர வண்டி மணி.

"ஏட்டி, பி.காம்! இங்கன வா! பெட்டி ஒட்டச் சொன்னா அப்பளம் போட்டு அனுப்பிருக்க? குச்சி அடைக்கப் போனா அத்தனையும் வாயைப் பொளக்குது! பசையில மாவு போட்டியா, இல்ல மாவைக் காட்டிட்டு எடுத்துட்டியா?"

வைதுகொண்டே உள்ளே வந்த ஏஜண்ட் அண்ணாச்சி, அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார். அந்த நீலத்தைப் பார்த்தார். தட்டில் மிச்சமிருந்த ஒரு தோசையைப் பார்த்தார்.

"எந்த மாவுல சுட்ட?"

"கம்பெனி மாவுல, அண்ணாச்சி."

"அடிப்பாவி மவளே! அதுல மயில்துத்தம் கலந்திருக்கும்லா! தின்னுட்டுப் போயிரக் கூடாதுன்னுதான மாவுல விஷத்தைக் கலந்து குடுக்கோம்! தெருவுல மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும்டி இது!"

எனக்குத் தெரியாது. ஏழு வயதிலிருந்து அப்பா படுக்கையில் விழும் வரைக்கும் என்னைப் பெட்டிப் பக்கமே விடாமல் படி படி என்றே வளர்த்தாள் அம்மா. அவளுக்கு அதை எனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியே இருக்காது. பச்சைத் தண்ணீர் சுடாது என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

அண்ணாச்சி திரும்பி வாசலுக்கு ஓடினார். வண்டியிலிருந்த கட்டுகளை எல்லாம் தெருவில் தள்ளினார். சடங்கு வீட்டுக்கு ஓடி நாலு ஆளைக் கூட்டி வந்தார். கட்டிலோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள். நான் பக்கத்திலேயே ஓடினேன், அப்பா தோளை விடாமல். பெரியாஸ்பத்திரி வரைக்கும் விடவில்லை. டாக்டர் விசாரித்தபோது அண்ணாச்சிதான் பதில் சொன்னார். துத்தம், மைதா, இரண்டு தோசை. என்னைக் கேட்டிருந்தால் பித்தம் என்றிருப்பேன். டாக்டர் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று கேட்டார். "ஒருச்சாய்ச்சுப் பிடிச்சிருந்தது யாரு? நீயா? இல்லன்னா புரையேறியே போயிருப்பாரும்மா."

வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தேன். அண்ணாச்சி வருகிற நாள் சனிக்கிழமை. ஏன் வியாழக்கிழமை வந்தார்? என்னை வைவதற்கு. எதற்கு வைய? பசை பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை? நான் மாவைத் திருடினேன். அந்த ஒரு கை மாவுதான் அப்பா வயிற்றுக்குள் விஷமாகப் போனது. அதே ஒரு கை மாவு குறைந்ததால்தான், அது என்ன விஷம் என்று தெரிந்த ஒரே மனுஷன் என் வாசலுக்கு வந்தார். நான் எவனையாவது என்று கேட்டேன். ஆண்டவர், நான் ஒளிந்து ஒளிந்து ஓடிய ஆளையே அனுப்பினார். இதைத் தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். அந்தத் தோளுக்கடியில் உங்கள் கை இருந்ததில்லை.

மறுநாள் தகவல் கேட்டு அம்மா மிளகாய் நெடியோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் அப்பாவைத்தான் பார்த்தாள். "நான் நாலு நாள் இல்லன்னதும் கம்பெனிச் சாப்பாடு கேக்குதோ?" என்றாள். அப்பா சிரித்தார், டிரிப்ஸ் ஊசி ஆட ஆட. அப்புறம் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் போனேன். குழாயடியில் சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அதை முடித்து முகம் கழுவித்தான் உள்ளே வந்தாள். தினமும் இப்படித்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

சனிக்கிழமை அண்ணாச்சியிடம் மாவு எடுத்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பசையைக் கெட்டியாக் காய்ச்சுட்டி, அது போதும்" என்றார். ஒன்றரை வருஷம் அம்மாவோடு உட்கார்ந்து ஒட்டினேன். ஒல்லித் தங்கச்சிக் குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். நானே ஒரு தங்கச்சியை வைக்கவும் கற்றுக்கொண்டேன். தினமும் ஜெபம் பண்ணுகிறேன், சத்தமாகவே. கஷ்டம் போய்விட்டது என்று புளுகமாட்டேன். தண்ணீர் இன்னும் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது.

ஆனால் மாட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். கையை விடாதீர்கள். வாய் சும்மாதானே இருக்கிறது, கூப்பிடுங்கள். நல்ல வார்த்தை வரவில்லையா, வந்த வார்த்தையில் கூப்பிடுங்கள். வருகிற ஆள் வைதுகொண்டே வந்தாலும் உள்ளே விடுங்கள்.

இதை நான் வேலை பார்க்கிற டிடிபி சென்டரில் மத்தியான இடைவேளையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது மணி ஒன்றேகால். அப்பா கம்பை ஊன்றி நடந்து வந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, நான் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.