அலியாஸ் போட்டு எழுதிய பெயர்

1991 மே மாதம் எங்கள் ஊர்ப்பக்கம் நடந்த குண்டுவெடிப்பை யாரும் மறக்கவில்லை. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜுகளிலும் சுற்றுவட்டார வீடுகளிலும் போலீஸ் விசாரணை. அடுத்த மாதம் பென்னலூரில் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நாள் குறித்து வைக்கும் பழக்கமுள்ள நான் அன்று எதுவும் எழுதவில்லை. திங்கட்கிழமை என்பது மட்டும் உறுதி.

ரேஷன் கார்டில் இருந்த பெயரைச் சொல்லி அண்ணனைக் கேட்டார்கள். வேலைக்குப் போயிருக்கிறான் என்றோம். அவர்கள் கம்பெனி வாசலில் விசாரித்தபோது, அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார் வாட்ச்மேன். அவர் சொன்னதும் உண்மைதான். குன்றத்தூர் மலையில் வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதால் அங்கே மொட்டையடித்து வைத்த பெயர் வீட்டுக்கும் ஊருக்கும் ரேஷன் கார்டுக்கும். நட்சத்திரம் பார்த்து வைத்த பெயர் பள்ளிக்கும் கம்பெனிக்கும். எங்கள் பக்கம் பலருக்கும் இப்படித்தான். அங்க அடையாளம் சொல்லிக் கண்டுபிடித்து, ஷிஃப்ட் முடியுமுன் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள்.

நான் போனபோது ரைட்டர் இரண்டு பெயர்களையும் எழுதி நடுவில் அலியாஸ் போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கேட்டாள்:

"அது ரவுடிங்களுக்குப் போடறதுடா. பேப்பர்ல அப்டிதான வருது?"

என் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் 'மற்ற' என்னும் சொல்லிலிருந்து பிறந்த வினையடை. இன்னொரு வேளையில், இன்னொரு விதமாக என்று பொருள். பொய்ப்பெயர் என்ற அர்த்தம் ஆங்கிலத்தில் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. அம்மாவிடம் சொன்னேன்.

"அந்த புக்கை எடுத்துனு போய் இன்ஸ்பெக்டராண்ட காட்டு. வுட்டுடுவாரா?"

விடவில்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதற்குக் குடும்பத்தார் பேச்சு செல்லாது, வெளியாள் வேண்டும் என்றார்கள். கம்பெனிக்கு ஒரு பெயர்தான் தெரியும், ஊருக்கு மற்றதுதான். இரண்டும் தெரிந்த வெளியாள் ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில் சூப்பர்வைசரையும் தெருமுனை மளிகைக்கடைக்காரரையும் அழைத்துப்போய் ஸ்டேஷன் பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அண்ணனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருவரும் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் அண்ணன் இருவருக்கும் தலையாட்டினான். அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

மறுநாள் கம்பெனி லைனில் கூட வேலை செய்பவர்கள், "இன்னா அலியாஸ், இன்னிக்கு எந்தப் பேர்ல ஓ.டி.?" என்று ஆரம்பித்தார்களாம். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் சொன்னான்:

"அம்மா, இனிமே அந்தப் பேர் சொல்லிக் கூப்டாத."

"சாமி பேர்டா."

"சாமியா வந்து கையெழுத்துப் போட்டுச்சு?"

பள்ளிப் பெயர் அம்மா வாயில் வரவேயில்லை. அன்றிலிருந்து தட்டை வைத்துவிட்டு, யாரிடமென்று இல்லாமல், "சோறு ஆறுது" என்பாள்.