சிங்கத்துக்குப் பக்கத்தில் ஃபர்ஹான்

ராயபுரத்து ஃபர்ஹான் சின்ன வயதில் உதைத்த ஒரு பந்து துறைமுகச் சுவரைத் தாண்டிப் போய், வாயைத் திறந்துகொண்டு நின்ற கன்டெய்னர் ஒன்றில் விழுந்து, கப்பலேறி, சிங்கப்பூரில் இறங்கியது. அங்கே பெட்டியைத் திறந்தவர்கள் பந்தை வெடிகுண்டு என்று நினைத்துப் பட்டாளத்தையே கூப்பிட்டுவிட்டார்கள். நம்பாதவர்கள் ஜெபினைக் கேட்டுக்கொள்ளலாம். தண்டையார்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பேனர் அச்சடிக்கும் ஜெபசிங் அண்ணாச்சியின் மகன் அவன், ஃபர்ஹானின் தோஸ்து. அவன் சொல்லச் சொல்ல அந்தச் சுவரும் வளர்ந்துகொண்டே வந்தது. கடைசியாகக் கேட்டபோது பந்து கலங்கரை விளக்கத்தையும் தாண்டியிருந்தது.

கதையில் கலப்படமில்லாதது ஃபர்ஹானின் இடது கால் மட்டும்தான். அந்தக் கால்தான் அவனை ஒரு பெரிய கிளப்பின் அகாடமியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நகரத்தின் தென்கோடியில் ஹாஸ்டல், பச்சைப் பசேலென்று புல் மைதானம், காலையில் மஞ்சள் கரு எடுத்த முட்டை. சந்தில் ஆடிய பையன்களெல்லாம் பந்தைப் பார்த்துக்கொண்டே ஆடுவார்கள். அங்கே முதல் வேலையாக அதை மறக்கடித்தார்கள். பந்து காலுக்கு வருமுன்பே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் யார் என்று பார்த்துவிட வேண்டும். நாளெல்லாம் அதே பயிற்சி. லீவுக்கு வீட்டுக்கு வந்தால், தட்டில் சோறு விழுவதற்குள்ளும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான்.

“யாருடா வரா, கடங்காரனா?” என்பாள் அவன் அம்மா காத்தூன் பீவி. துணி மூட்டையில் அவன் மார்போடு இறுக்கிப் போட்டுக்கொள்ளும் கையில்லாத குட்டைப் பனியனைப் பார்த்துவிட்டு, அவள் அதைத் தூக்கிப் பிடித்துச் சிரித்ததில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். “இன்னாடா இது, பொம்பளப் புள்ளைங்க சாமான் மாரி கீது?”

“அம்மா! அதுல முதுகாண்ட ஒரு மெஷின் வெப்பாங்க. எவ்ளோ ஓடுனேன்னு அது கணக்குச் சொல்லிடும்.”

“அப்போ பிரியாணி துன்னாலும் சொல்லிடுமா?”

சிரிப்பெல்லாம் அந்த வருஷத்தோடு சரி. பதினெட்டு முடிகிற பையன்களை அகாடமி கலைக்கும். மூன்று நான்கு பேரைக் கிளப்பின் இரண்டாவது அணிக்கு எடுத்துச் சம்பளம் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குக் கைகுலுக்கல். கோச் தேவப்பிரியம் ஃபர்ஹானைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உன் பேரை மேல சொல்லியிருக்கேன். அடுத்த மாசம் கையெழுத்து. அதுவரைக்கும் உன் கால் உன்னோடது இல்ல, கிளப்போடது. வெளியில எங்கயாவது மேட்ச் ஆடினேன்னு தெரிஞ்சுது, நானே பெட்டியைக் கட்டி அனுப்பிடுவேன்.”

தலையாட்டிவிட்டுத்தான் அந்த வார லீவுக்கு வந்தான். வந்த மாலையே கெங்கம்மா வாசலில் நின்றாள். காசிமேட்டில் மீன் விற்கிறவள். அவள் மகன் தேசப்பன் சந்து டீமின் கோல்கீப்பராக இருந்தவன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரியில் அடிபட்டுப் போனான். அவன் நினைவுக்கு வருஷா வருஷம் மணல் மைதானத்தில் ஒரு கோப்பை நடக்கும். ஆட்டம் தொடங்குமுன் கெங்கம்மா அவனுடைய கிளவுஸை எடுத்து வந்து கோல் கம்பத்தில் கட்டுவாள். கட்டி முடிக்கும்வரை விசில் ஊத மாட்டார்கள்.

“அவன் பூட்டான். நீயும் பெரிய எடத்துக்குப் பூட்ட, சந்தோசந்தான் நைனா. நாளிக்கு ஒரே ஒரு அரை அவரு ஆடிட்டுப் போயேன். அந்த கிளவுஸு பாத்துகினு இருக்கும்.”

அவள் போன பிறகு காத்தூன் பீவிதான் சொன்னாள்: “நீ மாட்டேன்னா, நான் எந்த மூஞ்ச வெச்சுகினு அவகிட்ட மீனு வாங்குவேன்?”

ஆடுவதென்று முடிவாயிற்று. ஆனால் ஃபர்ஹான் மைதானத்தில் அத்தனை பேரையும் நிற்க வைத்துச் சத்தியம் வாங்கினான். ஃபோட்டோ கூடாது, வீடியோ கூடாது, ஸ்டேட்டஸ் கூடாது. ஜெபின் ஒரு படி மேலே போனான். எல்லார் ஃபோனையும் பிடுங்கிக் கெங்கம்மாவின் மீன் கூடையில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். அப்புறம் ஒரு வாரத்துக்கு ராயபுரத்தில் யார் ஹலோ சொன்னாலும் மறுமுனையில் சங்கரா மீன் மணந்தது.

அரை மணி நேரம் என்று இறங்கியவன் முழு ஆட்டமும் ஆடினான். இரண்டு கோல். இரண்டாவது, கிளவுஸ் கட்டிய கம்பத்தை ஒட்டிப் போனது. கெங்கம்மா மணலில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் அகாடமியில் முதுகு மெஷின் கோள் சொன்னது. வழக்கமான ஓட்டத்தில் பாதிகூட இல்லை. “நேத்து என்ன பண்ணே?” என்றார் கோச்.

“தூங்கினேன் சார்.”

அவர் அடுத்த பையனின் கணக்குக்குப் போனார்.

அந்த வாரக் கடைசியில் வள்ளூர்ப் பக்கம் ஒரு மைதானத்தில் பயிற்சி ஆட்டம். அகாடமி வேன் வடக்கே வந்தது. திருவொற்றியூர் தாண்டுமுன்பே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த வரிசை ஆதாம் ஏவாள் காலத்திலிருந்து அங்கேதான் நிற்கிறது. வேன் அசையாமல் நின்றது. பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஃபர்ஹான் பழக்க தோஷத்தில் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான்.

அவன் முகமே அவனைப் பார்த்தது. இரண்டு மாடி உயர ஃப்ளெக்ஸ். அகாடமி ஜெர்சி, அவன் ஜென்மத்தில் போடாத கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் வாயைப் பிளந்த சிங்கம். கீழே ஜெபினும் மற்றவர்களும் வட்ட வட்டப் படங்களில், ஆளுக்கொரு ஃபோனைக் காதில் வைத்தபடி. நடுவில்: ‘தேசப்பன் நினைவுக் கோப்பையில் இரண்டு கோல் அடித்து எதிரணியை அலறவிட்ட அகாடமி சிங்கமே!’ அதற்கும் கீழே, ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

“டேய், நம்ம ஃபர்ஹான்டா!” வேனே அதிர்ந்தது. விசில், கைதட்டல். கோச் முன்சீட்டிலிருந்து படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒவ்வொருவராக அடங்கினார்கள். லாரிகள் நகரவேயில்லை. அவர் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு எழுந்து வந்து ஃபர்ஹான் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நல்லா தூங்கியிருக்கே. ரெண்டு கோல்.”

“சார்…”

“ஆடினதுக்கு மட்டும்னா ஒரு மாசம் வெளிய உக்கார வெச்சு, நானே உனக்காகப் பேசியிருப்பேன். அன்னிக்கு நேராக் கேட்டேனே, அப்ப சொல்லியிருந்தா போதும். இப்ப மேல போய் நான் என்னன்னு சொல்றது? இந்தப் பையனை நம்புங்கன்னா?”

அடுத்த வாரம் ஃபர்ஹான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஜெபினை அடிக்கத்தான் போனான். ஜெபின் தேம்பிக்கொண்டே சொன்னான்: “நீ ஃபோன்ல போடாதன்ன மாமு. ஏசு சாமி மேல சத்தியமா ஒருத்தனும் போடல. ஃப்ளெக்ஸு நம்ம வூட்டு மேட்டருடா! என் தங்கச்சி ஜெனி வயசுக்கு வந்தப்போ வெச்சோம், எங்க தாத்தா செத்தப்போ வெச்சோம். உனுக்கு வெக்காம வுட்டா நான் தோஸ்தா?” ஓங்கிய கையை ஃபர்ஹான் இறக்கிக்கொண்டான். அந்தச் சந்தில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் ஒரு காதுகுத்துகூட நடந்ததில்லை. தனக்கே அது தோன்றவில்லையே, அவனைச் சொல்லி என்ன?

வேறு கிளப்புகளில் ஏறி இறங்கினான். இந்த வயதுக்கு ஆள் எடுத்தாகிவிட்டது என்றார்கள். ஒரு காலத்தில் பந்து ஆடுகிறவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்த ஆபீஸ்களில் வாட்ச்மேனே உள்ளே விடவில்லை. இப்போது மணலிப் பக்கம் ஒரு யார்டில், காலியாக வரும் கன்டெய்னர்களைத் திறந்து பெருக்குகிறான். சிங்கப்பூர்க் கதை அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. “இன்னா மாமு, பந்து கெடச்சுதா?” என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். ஆரம்பத்தில் சிரித்தான்.

மழைக்காலம் வந்ததும் ஜெபின் அந்தப் பேனரை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான், வாசலில் ஒழுகுகிறதே என்று. தெருவில் போகிறவர்கள் பார்க்க வேண்டாமென்று காத்தூன் பீவி படத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டினாள். அதனால் வாசலில் உட்கார்ந்து நிமிர்ந்தால் அவனுக்கு அவனே தெரிகிறான், பக்கத்தில் சிங்கம்.

அகாடமி போனதைக் கெங்கம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் ஒரு ரகசியம் தங்கியது அதுதான் முதல் தடவை. அதற்காகவே ஃபர்ஹான் யார்டுக்கும் அகாடமிப் பையைத்தான் மாட்டிக்கொண்டு போகிறான், உள்ளே சோற்று டப்பா.

இந்த வருஷக் கோப்பைக்கு முன்னால் அவள் வந்தாள். படுதாவுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“எம்மாம் பெருசா போட்டுக்கீறானுங்க! எம் புள்ள இருந்தா உன்னக் கட்டிப் புடிச்சிருப்பான். இந்தத் தபாவும் வந்துடு நைனா. லீவு குடுப்பாங்கல்ல?”

உள்ளே காத்தூன் பீவி அம்மியில் அரைப்பதை நிறுத்தினாள். ஃபர்ஹான் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

“குடுப்பாங்கம்மா” என்றான்.